155 காலேஜ், ஒரு வாத்தியார்

1905-ம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். ஒரு விவசாயியின் மகன். வயது பதினெட்டு. பையனுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. எந்தக் காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுவான்?

நம் ஊர் அப்பா அம்மாக்களுக்கு இந்தக் கேள்வியின் வலி நன்றாகப் புரியும். கட் ஆஃப் எவ்வளவு, கவர்ன்மென்ட்டா, பிரைவேட்டா, ஆஸ்பத்திரியில் பேஷன்ட் வருகிறார்களா என்று ஜூன், ஜூலை மாதங்களில் வீடே நோட்டும் பேனாவுமாக அலையும். அந்த அமெரிக்கப் பையனுக்கு இப்படிப்பட்ட கவலை எதுவும் கிடையாது. இடம் கிடைக்குமா என்று அவன் யோசிக்கவே வேண்டாம். கட்டாயம் கிடைக்கும். ஒரு காலேஜ் இல்லை என்றால் இன்னொன்று கூப்பிட்டு உட்கார வைக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சேர்த்து 150-க்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள். சிகாகோ என்கிற ஒரே நகரத்தில் மட்டும் 14.

அவனுடைய பிரச்னை வேறு. எது நிஜமான காலேஜ், எது பெயர்ப் பலகை மட்டும் உள்ள காலேஜ் என்று கண்டுபிடிக்க அவனுக்கு வழியே இல்லை.

கையில் கிடைப்பது காலேஜ் அச்சடித்த கேட்டலாக் ஒன்றுதான். அதில் எல்லாம் இருக்கும். நவீன லேப், பெரிய ஆஸ்பத்திரியோடு தொடர்பு, புகழ் பெற்ற பேராசிரியர்கள். படித்தால் இன்றைக்கே பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடலாமா என்று தோன்றும். சில காலேஜ்களில் லேபுக்குச் செய்த செலவைவிட விளம்பரத்துக்குச் செய்த செலவு அதிகம் என்று பின்னாளில் தெரியவந்தது.

இந்தக் காலேஜ்கள் எப்படி நடந்தன என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஊரில் பிராக்டீஸ் செய்யும் ஏழெட்டு டாக்டர்கள் ஒன்று சேர்வார்கள். ஒரு மாடியை வாடகைக்குப் பிடிப்பார்கள். நாற்காலி, கரும்பலகை, முடிந்தால் ஒரு எலும்புக்கூடு. காலேஜ் ரெடி. மாணவர்கள் கட்டும் ஃபீஸில் வாடகை போக மிச்சத்தைப் பேராசிரியர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். சாயந்திரம் அவரவர் கிளினிக்குக்குப் போய்விடலாம். ‘பேராசிரியர்’ என்று போர்டில் சேர்த்துக்கொண்டால் அங்கேயும் கூட்டம் கூடும். பார்ட்னர்ஷிப் பிசினஸ்தான், சந்தேகமே வேண்டாம். இப்படிப்பட்ட கடையில் வாடிக்கையாளரை ஃபெயில் ஆக்க யாருக்கு மனசு வரும்?

பெரிய இடங்களும் ஒரு காலத்தில் இதற்கு விதிவிலக்கு இல்லை. 1869-ல் ஹார்வர்டுக்குத் தலைவராக வந்த சார்லஸ் எலியட், மருத்துவ மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகலோ பதறிவிட்டார். இந்த மனிதருக்கு நம் மாணவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே, பாதிப் பேருக்கு மேல் ஒழுங்காக எழுதவே வராதே என்பது அவர் கவலை. ஹார்வர்டின் கதையே அப்படி என்றால், மாடி வாடகைக் காலேஜ்களைச் சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லையா? கண்டுகொண்டார்கள். அமெரிக்க மருத்துவர் சங்கம் 1904-ல் மருத்துவக் கல்விக்கென்று ஒரு கவுன்சில் அமைத்தது. கவுன்சில் ஆட்கள் 1906-ல் 160 காலேஜ்களை நேரில் போய்ப் பார்த்து கிரேடு போட்டார்கள். 82 காலேஜ்கள் பரவாயில்லை. 46 சந்தேகம். 32 தேறவே தேறாது.

ஆஹா, பையனுக்கு லிஸ்ட் கிடைத்துவிட்டது என்று நினைத்தால், அதுதான் இல்லை. அந்த லிஸ்ட் வெளியாகவே இல்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைப் பொதுவில் குறை சொல்லக் கூடாது, அது தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று சங்கம் அதை உள்ளேயே வைத்துக்கொண்டது. 32 காலேஜ்கள் லாயக்கில்லை என்று டாக்டர்களுக்குத் தெரியும். அந்த 32-ல் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்த பையன்களுக்குத் தெரியாது. அவர்களிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் தெரியாது.

வெளியிலிருந்து ஒரு ஆள் சொன்னால் தேவலை என்று கவுன்சில் யோசித்தது. 1908 டிசம்பரில் கார்னகி அறக்கட்டளையின் தலைவர் ஹென்றி பிரிட்சட்டோடு சத்தமில்லாமல் ஒரு சந்திப்பு நடந்தது. இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரி ஆசிரியர்களின் நலனுக்காகப் பணம் போட்டு ஆரம்பித்த அமைப்பு அது. ஆய்வை நீங்கள் செய்யுங்கள், எங்களிடம் இருக்கும் தகவல்களைத் தருகிறோம், ஆனால் எங்கள் பெயர் அதில் வர வேண்டாம். டீல் முடிந்தது.

பிரிட்சட் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்த ஆள்தான் விசேஷம். ஏப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னர். டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவரும் இல்லை. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஊர்க்காரர். யூதக் குடும்பம். அண்ணன் ஜேக்கப் கொடுத்த பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டே வருஷத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர். சொந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். சுருக்கமாகச் சொன்னால், வாத்தியார்.

பிரிட்சட் கூப்பிட்டதும் ஃப்ளெக்ஸ்னருக்கே குழப்பம். அவருடைய இன்னொரு சகோதரர் சைமன், ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநர், பெரிய விஞ்ஞானி. அவர் என்று நினைத்து நம்மைக் கூப்பிட்டுவிட்டாரோ என்று கேட்டே விட்டார். பிரிட்சட் தெளிவாக இருந்தார். காலேஜ் எப்படி இருக்கிறது என்று பார்க்க டாக்டர் வேண்டாம், பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆள் போதும்.

ஃப்ளெக்ஸ்னர் முதலில் போய் இறங்கிய இடம் பால்டிமோரில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி. நல்ல காலேஜ் என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு அளவுகோல் வேண்டுமே!

அந்த அளவுகோல் உருவான கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹாப்கின்ஸ் என்ற வியாபாரி எழுதி வைத்துவிட்டுப் போன சொத்தில் பெரும் பகுதி ஒரு ரயில்வே கம்பெனியின் பங்குகள். ஆஸ்பத்திரி 1889-ல் திறந்தாகிவிட்டது. ரயில்வே பங்குகள் டிவிடெண்ட் தருவதை நிறுத்திக்கொண்டதால் காலேஜுக்குப் பணம் இல்லை. அப்போது முன்வந்தவர் மேரி காரெட். அதே ரயில்வே கம்பெனியின் தலைவராக இருந்தவரின் மகள். மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை, நிபந்தனையோடு. ஆண்களைச் சேர்க்கும் அதே விதிகளின்படி பெண்களையும் சேர்க்க வேண்டும். சேருகிற எல்லோரும் முதலிலேயே ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும். 1893-ல் காலேஜ் தொடங்கியபோது முதல் செட்டில் 18 பேர். அதில் 3 பெண்கள். நுழைவு விதிகளைப் பார்த்த பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் தன் சகா வெல்ச்சிடம், நல்லவேளை நாம் வாத்தியாராக உள்ளே வந்துவிட்டோம், மாணவராக மனுப் போட்டிருந்தால் இடம் கிடைத்திருக்காது என்று ஜோக் அடித்தாராம்.

ஆஸ்லர் சொன்னது ஜோக்தான். அடுத்த அரை நூற்றாண்டில் எத்தனையோ பேருக்கு அது ஜோக்காக இல்லாமல் போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

* * *

1909 தொடங்கி ஒன்றரை வருஷத்துக்குள் ஃப்ளெக்ஸ்னர் 155 காலேஜ்களைப் பார்த்து முடித்தார். எல்லாம் ரயில் பயணம். சில இடங்களுக்கு மருத்துவர் சங்கக் கவுன்சிலின் செயலாளர் கோல்வெல்லும் கூடவே போனார்.

155 காலேஜா, ஒரே ஆளா, அதெப்படி முடியும் என்று கேட்டவர்கள் உண்டு. ஃப்ளெக்ஸ்னர் பார்த்தது ஐந்தே விஷயங்கள். சேருவதற்கு என்ன தகுதி கேட்கிறார்கள், அதை நிஜமாகவே பார்க்கிறார்களா? ஆசிரியர்கள் எத்தனை பேர், என்ன படித்தவர்கள்? பணம் எங்கிருந்து வருகிறது? லேப் இருக்கிறதா? கடைசியாக, மாணவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆஸ்பத்திரி உண்டா? இந்த ஐந்தையும் பார்க்க சில மணி நேரம் போதும் என்பது அவர் கணக்கு. அலுவலகத்தில் உட்கார்ந்து மாணவர்களின் ஃபைலைப் புரட்டினால் முதல் கேள்விக்கு பதில் வந்துவிடும். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு கட்டாயம் என்று கேட்டலாக் சொல்லும். ஃபைலில் சர்டிஃபிகேட்டே இருக்காது.

மூன்றாவது கேள்வியில் அவர் செய்த வேலை, காமர்ஸ் படித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் பல காலேஜ்கள் சொல்ல மாட்டார்கள். ஃப்ளெக்ஸ்னர் சண்டை போடவில்லை. மாணவர்களின் எண்ணிக்கையை ஃபீஸால் பெருக்கினார். ‘உத்தேசமாக’ என்று பக்கத்தில் போட்டு எழுதிவிட்டார். அவ்வளவு வருமானம் வருகிற காலேஜில் லேப் ஏன் காலியாக இருக்கிறது என்று படிக்கிறவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.

எல்லோரும் ஏன் கதவைத் திறந்துவிட்டார்கள்? அதுதான் வேடிக்கை. கார்னகி பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு ஆள் வந்தால், பின்னாலேயே கார்னகியின் செக் வரும் என்று டீன்கள் எதிர்பார்த்தார்கள். எங்களிடம் அது இல்லை, இது இல்லை என்று குறைகளை அவர்களாகவே ஒப்பித்தார்கள். ஃப்ளெக்ஸ்னர் குறித்துக்கொண்டார்.

சேலத்துக்கும் போனார். நம்ம சேலம் இல்லை, ஆரகன் மாநிலத்து சேலம். உடலியல் லேப் உண்டா என்று டீனிடம் கேட்டார். இல்லாமலா, மாடியில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார் டீன். எடுத்துக்கொண்டும் வந்தார். நாடித் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்று. லேபே அதுதான்.

ஐயோவா மாநிலத்து டி மோய்ன் நகரில் ஆஸ்டியோபதி காலேஜ் ஒன்று. எலும்பு, தசைகளைக் கையால் சீர்படுத்தி வைத்தியம் செய்யும் முறை அது. ஒவ்வொரு அறை வாசலிலும் போர்டு. அனாடமி, ஃபிசியாலஜி, பேதாலஜி. எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. சாவி வைத்திருக்கும் ஆளைக் காணோம் என்றார் டீன். பரவாயில்லை என்று ஃப்ளெக்ஸ்னர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். டீன் கூடவே வந்து வழியனுப்பிவிட்டுப் போனார். டீனின் தலை மறைந்ததும் ஃப்ளெக்ஸ்னர் திரும்பவும் காலேஜுக்கு வந்தார். சாவிக்காரர் இருந்தார். கையில் ஐந்து டாலரை வைத்ததும் எல்லாக் கதவுகளும் திறந்தன. ஒவ்வொரு அறையிலும் ஒரு மேஜை, ஒரு சின்னக் கரும்பலகை, சில நாற்காலிகள். அனாடமி அறைக்கும் பேதாலஜி அறைக்கும் வித்தியாசம் வெளியே இருந்த போர்டுதான்.

பார்த்ததை எல்லாம் எழுதி, தகவல் சரிதானா என்று அந்தந்தக் காலேஜுக்கே அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டார். 1910-ல் கார்னகி அறக்கட்டளையின் நான்காவது வெளியீடாக ரிப்போர்ட் வந்தது. பல்லாயிரம் பிரதிகளை இலவசமாகக் கொடுத்தார்கள்.

முதல் பாதி கட்டுரை. இரண்டாவது பாதிதான் வெடிகுண்டு. மாநிலம் மாநிலமாக, ஊர் ஊராக, காலேஜ் காலேஜாகப் பெயரைப் போட்டு நுழைவுத் தகுதி, மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர்கள், வருமானம், லேப், ஆஸ்பத்திரி, கடைசியில் எந்தத் தேதியில் போய்ப் பார்த்தார் என்பதுவரை. டாக்டர் சங்கம் பூட்டி வைத்த லிஸ்ட்டை ஒரு வாத்தியார் தெருவில் வைத்துவிட்டார். அப்ளிகேஷன் போடப் போகிற பையனின் கையில் முதல் தடவையாக, காலேஜ் எழுதாத ஒரு கேட்டலாக்.

155-ல் குறைந்தது இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பாவது கேட்ட இடங்கள் 16 மட்டுமே. ஐம்பது காலேஜ்கள் உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்திக்கொண்டன. மிச்சம் எண்பதுக்கும் மேல், எழுதப் படிக்கத் தெரிந்தால் வா என்கிற ரகம். அமெரிக்காவில் 568 பேருக்கு ஒரு டாக்டர் இருந்தார். ஜெர்மனியில் கிட்டத்தட்ட 2,000 பேருக்கு ஒருவர். டாக்டர் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை, அரைகுறை டாக்டர்கள் அளவுக்கு மேல் இருக்கிறார்கள் என்றார் ஃப்ளெக்ஸ்னர். இத்தனை காலேஜ் எதற்கு, 31 போதும்.

சிகாகோவுக்குத்தான் பலமான அடி. மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரை தேசத்தின் கொள்ளைநோயே அந்த ஊர்தான் என்கிற அளவுக்கு எழுதிவிட்டார். சிகாகோவில் கால் வைத்தால் சுட்டுவிடுவோம் என்று மொட்டைக் கடிதம் வந்தது. மனிதர் அடுத்த ரயிலைப் பிடித்து சிகாகோ போய், ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, பத்திரமாக வீடு திரும்பினார். மானநஷ்ட வழக்கு ஒன்றும் வந்தது. கேட்ட தொகை ஒன்றரை லட்சம் டாலர்.

காலேஜ்கள் மடமடவென்று மூடின. சில பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு ஒட்டிக்கொண்டன. 1920-ல் அமெரிக்காவில் மிச்சம் 85. 1935-ல் 66. எல்லாப் புகழும் ஃப்ளெக்ஸ்னருக்கே என்று எழுதும் புத்தகங்கள் உண்டு. அது கொஞ்சம் ஓவர். காலேஜ்களின் எண்ணிக்கை அவர் வருவதற்கு முன்பே இறங்க ஆரம்பித்துவிட்டது. மாநில லைசென்ஸ் போர்டுகள் கெடுபிடி செய்யத் தொடங்கியிருந்தன. லேபும் மைக்ராஸ்கோப்பும் இல்லாமல் இனி வைத்தியம் சொல்லிக்கொடுக்க முடியாது என்ற நிலை, அதற்கான செலவு ஃபீஸில் கட்டுப்படியாகாது என்ற நிஜம், இரண்டும் சேர்ந்து மாடி வாடகைக் காலேஜ்களைத் தள்ளாட வைத்திருந்தன. ஃப்ளெக்ஸ்னர் தள்ளிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. சில வருஷத்தில் ராக்ஃபெல்லரின் பணத்தைக் கல்விக்குப் பங்கிடும் போர்டில் போய் உட்கார்ந்தார். 1913-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு 15 லட்சம் டாலர் போனது. மார்க் போட்டவரின் கையிலேயே பணப்பையும். அவர் நல்ல காலேஜ் என்று சொன்னது இன்னும் நல்ல காலேஜ் ஆகும். சொல்லாதது?

* * *

மூடப்பட்ட காலேஜ்கள் எல்லாவற்றுக்குமா கண்ணீர் விட முடியும்? நாடிக் கருவியை லேப் என்று சொன்ன இடத்தில் படித்துவிட்டு வருகிறவரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட யாருக்குத்தான் துணிச்சல் வரும்? ஃப்ளெக்ஸ்னர் செய்தது நல்ல காரியம். ரொம்ப நல்ல காரியம். ஆனால் ஒரு கணக்கை அவர் போடவில்லை. மோசமான காலேஜ் மூடினால் அதில் சேர இருந்த பையன் நல்ல காலேஜுக்குப் போய்விடுவான் என்று எடுத்துக்கொண்டார். எல்லாப் பையன்களுக்கும் அந்த வழி திறந்திருந்ததா?

ஏழைப் பையனின் கதி என்ன என்று மலிவுக் காலேஜ்கள் கூச்சல் போட்டன. பிழைப்பு போகிறதே என்ற கூச்சல்தான். ஆனாலும் கேள்வி நியாயமானது. பள்ளி முடிந்து, கல்லூரியில் சில வருஷம், அப்புறம் மருத்துவம் நான்கு வருஷம். அதுவரை வீட்டில் சோறு போட ஆள் வேண்டும். ஏழைப் பையனுக்கு உதவ வேறு வழி தேடலாம், அதற்காக நோயாளியைப் பலி கொடுக்கக் கூடாது என்பது ஃப்ளெக்ஸ்னர் தரப்பின் பதில். பதில் சரி. வேறு வழியை யாரும் தேடவில்லை.

பெண்கள் கதை இன்னொன்று. மற்ற காலேஜ்கள் கதவைச் சாத்திய காலத்தில் பெண்களுக்கென்றே தொடங்கிய காலேஜ்கள் இருந்தன. பிலடெல்பியாவில் 1850-ல் ஆரம்பித்தது அவற்றில் முக்கியமானது. நம் நாட்டிலிருந்து போன ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் பட்டம் வாங்கியது அங்கேதான். வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் 1895-ல் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். 1898-ல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஐடா உடனே அங்கே மாறி, 1899-ல் டாக்டராகி இந்தியா திரும்பினார். பெரிய காலேஜ்கள் பெண்களுக்குத் திறந்துவிட்டன என்ற நம்பிக்கையில் தனிக் காலேஜ்கள் ஒவ்வொன்றாக மூடின. ஃப்ளெக்ஸ்னர் கிளம்பியபோது மூன்று மிச்சம். பெண்களைப் பற்றி அவர் எழுதியது இரண்டு பக்கம் சொச்சம். வாய்ப்பு இருந்தும் பெண்களுக்கு ஆர்வம் குறைகிறது என்று முடித்துவிட்டார். பொதுக் காலேஜ்கள் பெண்களுக்கு ஒன்றிரண்டு சீட்டுக்கு மேல் தரத் தயங்கியதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அமெரிக்க டாக்டர்களில் பெண்கள் 1910-ல் சுமார் 6 சதவிகிதம். 1950-லும் சுமார் 6 சதவிகிதம்தான்.

கறுப்பர்களுக்கும் ஏறக்குறைய அதே இரண்டு பக்கம். அப்போது அவர்கள் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர். அவர்களுக்கென்று ஏழு மருத்துவக் கல்லூரிகள். தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் காலேஜ் வாசலில் நிற்கக்கூட முடியாது. வடக்கே ஒன்றிரண்டு பேர் நுழையலாம். ஏழில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், வாஷிங்டனில் ஹோவர்ட், நாஷ்வில்லில் மெஹாரி, மற்ற ஐந்தும் பிரயோஜனம் இல்லை என்றார் ஃப்ளெக்ஸ்னர். கறுப்பின டாக்டர் எதற்குத் தேவை என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்றைக்குப் படித்தாலும் முகம் சுளிக்க வைக்கும். அவர்களுக்கு வரும் நோய் பக்கத்தில் வசிக்கும் வெள்ளையர்களுக்கும் பரவும், அதனால் அவர்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம்.

ஐந்தும் மூடின. நியூ ஆர்லியன்ஸில் இருந்தது 1911-ல். வட கரோலினாவில் ராலே நகரத்துக் காலேஜ் 1918-ல். மெம்ஃபிஸில், மைல்ஸ் லிங்க் என்ற கறுப்பின டாக்டர் 1900-ல் தானே தொடங்கி நடத்திவந்த காலேஜ் 1923 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்து காலேஜ்களும் வசதி இல்லாதவைதான், அதில் பொய் இல்லை. ஆனால் ஹாப்கின்ஸைத் தூக்கி நிறுத்த ஒரு மேரி காரெட் வந்த மாதிரி இவற்றுக்கு யாரும் வரவில்லை. கைகொடுத்து நிமிர்த்த வேண்டியதா, மூடவேண்டியதா என்ற கேள்விக்கு இரண்டு பக்கத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்த ஐந்தும் தொடர்ந்து நடந்திருந்தால் 2019-க்குள் 35,000-க்கும் அதிகமான டாக்டர்கள் வந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதே வருஷம், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தான் வழங்கும் பெரிய விருது ஒன்றிலிருந்து ஃப்ளெக்ஸ்னரின் பெயரை எடுத்துவிட்டது.

அவருடைய சொந்தச் சமூகமும் தப்பவில்லை. சீட்டுகள் குறைந்து போட்டி கூடியதும், கெட்டிக்கார யூதப் பையன்கள் அதிகம் வருகிறார்கள் என்று பல காலேஜ்கள் சத்தமில்லாமல் கோட்டா வைத்தன. 1930-களில் அமெரிக்காவில் இடம் கிடைக்காத யூத மாணவர்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போய் மருத்துவம் படித்தார்கள். அதே வருஷங்களில் ஃப்ளெக்ஸ்னர், பிரின்ஸ்டனில் தான் தொடங்கிய உயராய்வு நிலையத்துக்கு, ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஐன்ஸ்டைனை அழைத்து வந்துகொண்டிருந்தார்.

புதிய ஏற்பாட்டில் ஒரு கறுப்பின மாணவர் எப்படிக் காலேஜ் தேடினார் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். சார்லஸ் ட்ரூ. 1926-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். பிரமாதமான விளையாட்டு வீரர். மருத்துவம் படிக்கப் பணம் இல்லை. பால்டிமோரில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் கோச் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அதே பால்டிமோரில்தான் ஃப்ளெக்ஸ்னரின் அளவுகோலான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இருக்கிறது. அங்கே அப்ளிகேஷன் போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த மருத்துவக் கல்லூரி கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1963-ல்தான்.

ட்ரூ ஹோவர்டுக்கு எழுதினார். ஆங்கிலப் பாடத்தில் கிரெடிட் போதவில்லை, விதிப்படி சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. தரம், விதி, தகுதி. எல்லாம் ஃப்ளெக்ஸ்னர் கேட்டதுதான். மாணவராகத்தானே சேர முடியாது, விளையாட்டுக் கோச்சாக வருகிறீர்களா என்று கேட்டார்கள். ஹார்வர்டுக்கு எழுதினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். சேமித்த பணம் அடுத்த வருஷம்வரை தாங்குமா? கனடாவின் மாண்ட்ரியலில் இருந்த மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஃப்ளெக்ஸ்னர் தன் ரிப்போர்ட்டில் அருமையான காலேஜ் என்று பாராட்டிய இடம். நிற வித்தியாசம் அவ்வளவாகப் பார்க்காத இடம் என்ற பெயரும் இருந்தது. 1928-ல் சேர்த்துக்கொண்டார்கள். 1933-ல் வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறி வெளியே வந்தார்.

ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துப் பெரிய அளவில் சேமிக்கும் முறையை வளர்த்தவர் என்று ட்ரூவை இன்று உலகத்துக்கே தெரியும். 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் தவித்த பிரிட்டனுக்கு அமெரிக்காவிலிருந்து பிளாஸ்மா போன ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவர் அவர். 1935-ல், இரண்டு கிரெடிட் குறைகிறது என்று தன்னைச் சேர்க்க மறுத்த ஹோவர்டுக்கே ஆசிரியராகப் போனார். 1941-ல் அங்கே அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைவரானார். 1950-ல் ஒரு கார் விபத்தில் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்து, வேறு காலேஜ்கள் எடுத்துக்கொள்ளாத பையன்களுக்கு சர்ஜரி சொல்லிக்கொடுத்தார்.